தொட்டியும் மீனும் ஒரே நாளில்

செல்லப் பிராணிக் கடைகளில் உயிருள்ள விலங்குகளை விற்பது சரியா என்ற பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் நாய்க்குட்டியில் போய்த்தான் நிற்கும். சட்டங்களும் அப்படித்தான் போயிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜனவரி முதல் கடைகள் நாய், பூனை, முயல் மூன்றையும் காப்பகங்களிலிருந்து வந்தவையாக இருந்தால் மட்டுமே கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டி பூனைக்குட்டிகளை இடைத்தரகுக் கடைகள் விற்க முடியாது. லூசி என்ற ஒரு நாயின் பெயரால் அதை லூசி சட்டம் என்கிறார்கள். பிரான்ஸ் 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்பனையையே நிறுத்திவிட்டது.

நல்ல சட்டங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம ஊர்க் கடை ஒன்றுக்குள் போய்த் தலைகளை எண்ணிப் பாருங்கள். நாய்க்குட்டி இரண்டோ மூன்றோ இருக்கும், பல கடைகளில் அதுவும் இருக்காது. லவ் பேர்ட்ஸ் ஒரு கூண்டில் இருபது. மீன்? நூற்றுக்கணக்கில். விற்கப்படும் உயிர்களில் பெரும்பகுதி மீன்தான். அறம் பற்றிய பேச்சில் கடைசி இடமும் அதற்குத்தான். அதனால் இந்தக் கட்டுரையில் மீனை மையமாக வைத்தே பார்க்கப்போகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடைக்காரர்கள் கொடூரமானவர்கள் என்பது என் வாதம் இல்லை. நான் பேசிப் பார்த்த பலர் மீனைப் பற்றி என்னைவிடப் பல மடங்கு தெரிந்தவர்கள், மீனை ரசிப்பவர்களும்கூட. சிக்கல் விலையில் இருக்கிறது. அந்த உயிரைக் காப்பாற்றத் தேவையான எந்தப் பொருளையும்விட அந்த உயிர் மலிவாக இருக்கிறது. சாவு, பராமரிப்பைவிடச் சல்லிசு என்று ஆகிவிட்டால், அப்புறம் யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடிவு ஒரே மாதிரிதான் வரும்.

முதலில் மீன் எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் மீதி வாதம் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கடைக்கு வருகிறது. குழந்தை கேட்டது, வந்துவிட்டார்கள். ஒரு அடியோ ஒன்றரை அடியோ கண்ணாடித் தொட்டி, கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, காற்று விடும் மோட்டார், ஒரு டப்பா தீனி, ஆறு தங்கமீன். எல்லாம் ஒரே பில். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டு, படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டாகிவிட்டது. முதல் இரண்டு நாள் அமோகம். நாலாவது நாள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒரு வாரத்தில் ஒன்று மிதக்கிறது. பத்தாவது நாளில் மூன்று.

உள்ளே நடந்தது என்னவென்றால், மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பிரச்சினையே இல்லை. தண்ணீரும் அதிகம், அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களும் ஏராளம். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். ஆனால் புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் கிடையாது. அவை கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குடியேறிப் போதுமான அளவு பெருகச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது. அமோனியா செவுளை அரிக்கும். அதைத் தாண்டிப் பிழைத்தால் அடுத்து நைட்ரைட். அது ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். ரத்தம் பழுப்பாகிவிடும், தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். நம்ம ஊர் வெயிலுக்கும், காரத்தன்மை கூடுதலான தண்ணீருக்கும் அமோனியாவின் நச்சு இன்னும் ஏறும். வெப்பமும் காரமும் கூடக் கூட அது அதிக விஷமுள்ள வடிவத்துக்கு மாறுகிறது.

இது ரகசியம் இல்லை. மீன் வளர்ப்பவர்கள் இதை 'சைக்ளிங்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'நியூ டேங்க் சிண்ட்ரோம்' என்று பெயரே இருக்கிறது. எங்கள் மென்பொருள் தொழிலில் இதை 'நோன் இஷ்யூ' என்போம். எல்லோருக்கும் தெரிந்த பிழை, ஆவணத்திலும் இருக்கிறது, திருத்தும் வழியும் இருக்கிறது, ஆனாலும் அப்படியே வாடிக்கையாளருக்குப் போகிறது. கடைக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டால், தெரியும். அவர் கடையிலுள்ள தொட்டிகள் ஓடுவதே அந்த பாக்டீரியாவால்தான்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. மீன் செத்ததும் அந்த அப்பா கடைக்குத் திரும்ப வருவார். அவருக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "தண்ணிய முழுசா மாத்திட்டு, கல்லு, ஸ்பாஞ்சு எல்லாத்தையும் நல்லா கழுவிடுங்க சார்." இன்னொன்று, ஒரு சின்ன பாட்டிலில் நீல மருந்து. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைத் தேய்த்துக் கழுவினால் அப்போதுதான் குடியேற ஆரம்பித்த பாக்டீரியா போய்விடும். நீல மருந்தில் இருப்பது பெரும்பாலும் மெதிலீன் புளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், ஆனால் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் பாதிக்கும். ஆக, சைக்ளிங் மறுபடி முதலிலிருந்து. புது மீன் ஆறு. இந்தச் சுழற்சி மூன்று தடவை நடந்தால் குடும்பத்தின் முடிவு, "நம்ம கைக்கு மீன் ராசியில்ல." தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

கவனியுங்கள், இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் மீனை அடிக்கவில்லை. ஒவ்வொரு விற்பனையும் சட்டப்படி சரி. ஆறு மீனுக்குப் பதில் பதினெட்டு மீன் விற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது விலைக்கு வருகிறேன். கடைக்குக் கடை மாறும், ஆனாலும் சின்னத் தங்கமீன் ஒன்று முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும். அமோனியா அளக்கும் டெஸ்ட் கிட் சில நூறு ரூபாய். நல்ல ஃபில்டர் அதற்கும் மேல். முப்பது ரூபாய் மீனைக் காப்பாற்ற ஐந்நூறு ரூபாய் கிட் வாங்குங்கள் என்று சொன்னால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். வாங்குபவர் மேல் தப்பில்லை, கணக்கு அப்படி. பேனாவில் மை தீர்ந்தால் ரீஃபில் தேடுவதைவிடப் புதுப் பேனா வாங்குவது சுலபம் என்று நாம் எப்போதோ பழகிவிட்டோம். இங்கே பேனாவின் இடத்தில் முதுகெலும்புள்ள ஒரு உயிர் இருக்கிறது.

இது வெறும் உவமை இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பணமும் வழக்கிட்டுப் பெறும் உரிமைகளும் தவிர மற்ற எல்லா அசையும் சொத்தும் 'சரக்கு'. மீனும் கிளியும் நாய்க்குட்டியும் அதற்குள் வந்துவிடும். உயிருக்கென்று தனி வகை அங்கே கிடையாது. ஆனாலும் செல்போனுக்கு ஒரு வருட வாரண்டி கொடுக்கும் சந்தையில் மீனுக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்று எந்தக் கடையிலாவது எழுதிப் போட்டிருக்கிறார்களா? சரக்கு என்று வைத்துக்கொண்டாலும், மோசமான சரக்கு விற்பனை.

விலைதான் காரணம் என்பதற்கு அதே கடையிலேயே எதிர்ச்சான்று இருக்கும். ஆசிய அரோவானா. அழியும் நிலையிலுள்ள மீன் என்பதால் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணைகளில் வளர்ந்தது என்று காட்டுவதற்காக அதன் உடலுக்குள் மைக்ரோசிப் வைத்து, சான்றிதழோடு விற்கிறார்கள். விலை ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும். அரோவானா வாங்குபவர் தொட்டியைச் சைக்ளிங் செய்யாமல் மீனை விடுவாரா? மாட்டார். கடைக்காரரே விடமாட்டார், வீட்டுக்கு ஆள் அனுப்பித் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆக அறிவும் இருக்கிறது, வழிமுறையும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. அது எந்த விலைக்கு மேல் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

விலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: தாங்கும் சக்தி. ஃபைட்டர் மீனைப் பாருங்கள். பீட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று 1910இல் பெயர் வைக்கப்பட்டது. தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்த மீன். இங்கே அது பிளாஸ்டிக் டம்ளரில், சில சமயம் பழைய பாட்டிலில், வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் சண்டை போடும், அதனால் தனித்தனியாக வைக்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் டம்ளர் அளவு? கேட்டால் பதில், "அது மேல வந்து காத்த குடிச்சுக்கும் சார், ஃபில்டரே தேவையில்ல." உண்மைதான். அதன் தலைக்குள் லாபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது, மேல்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்க முடியும். ஆக்ஸிஜன் குறைந்த வயல்களிலும் சதுப்புகளிலும் தப்பிப் பிழைக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. ஆனால் காற்றைக் குடிக்கத் தெரிந்ததால் அமோனியா அதைச் சுடாது என்று ஆகாது. வறட்சியைத் தாங்கும் உடம்பு என்பதாலேயே ஒருவனை ஆயுசுக்கும் வறட்சியில் வைப்பது போன்ற தர்க்கம் இது. சீக்கிரம் சாகும் மீனுக்காவது யாராவது ஃபில்டர் வாங்குகிறார்கள். தாங்குகிற மீனுக்கு அதுவும் இல்லை.

"மீனுக்கு வலிக்குமா?" என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் ரெயின்போ டிரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கல்லில் தேய்த்தன, நெடுநேரம் சாப்பிடவில்லை. மறுபக்கம் பிரையன் கீ போன்றவர்கள், பெருமூளைப் புறணி இல்லாத மீனுக்கு நாம் சொல்லும் அர்த்தத்தில் 'வலி' இருக்க முடியாது என்று 2016இல் வாதிட்டார்கள். எனக்கு முதல் தரப்பு வலுவாகத் தெரிகிறது. ஆனால் கடை விற்பனையை எடைபோட இந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். ஏனென்றால் கடை விற்பதே 'இது ஒரு உயிர், நீ வளர்க்கலாம், பெயர் வைக்கலாம்' என்ற வாக்குறுதியைத்தான். வலிக்காத பொருள் என்றால் பேட்டரி மீன் வாங்கிவிட்டுப் போகலாமே.

உடனே வரும் அடுத்த கேள்வியும் தெரியும். "நீ மீன் குழம்பு சாப்பிடுற ஆளுதானே?" ஆமாம், சாப்பிடுகிறேன். வஞ்சிரத்தைவிட நெத்திலி பிடிக்கும் என்பது கூடுதல் தகவல். ஆனால் மீன் சந்தையில் என்னிடம் யாரும் ஆயுளை விற்கவில்லை. அங்கே விற்பது இறந்த மீன், அதை மறைக்கவும் இல்லை. மீன் உணவின் அறத்தைத் தனியாகப் பேசலாம், பேசவும் வேண்டும். அலங்கார மீன் கடை விற்பதோ மீனின் வாழ்க்கையை. தங்கமீன் ஒழுங்காக வைத்தால் பத்து வருடம் தாராளமாக இருக்கும், இருபதும் தாண்டும். இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 வருடம் இருந்தது. கின்னஸ் பதிவு அது. அப்படிப்பட்ட உயிரை விற்றுப் பத்து நாள் கொடுப்பது எந்த வியாபார நியாயத்தில் சேரும்? அந்தத் தொழில் தானே சொல்லிக்கொள்ளும் அளவுகோலை வைத்துத்தான் கேட்கிறேன், என்னுடையதை வைத்து இல்லை.

சாவை மலிவாக்குவதில் நம் வீடுகளுக்கும் பங்கு உண்டு. வாஸ்து மீன் என்று ஒன்று இருக்கிறதே. வரவேற்பறையில் ஃபிளவர்ஹார்ன், வடகிழக்கில் தங்கமீன் என்று கணக்கு. (ஃபிளவர்ஹார்ன் மலேசியாவில் தொண்ணூறுகளில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன். வாஸ்து சாஸ்திரம் அதை எப்படி முன்கூட்டியே அறிந்தது என்று தெரியவில்லை.) அந்த மீன் செத்துப்போனால் என்ன சொல்வார்கள்? "வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அது எடுத்துக்கிச்சு." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். தண்ணீரில் அமோனியா ஏறியதால் செத்த மீன், குடும்பத்துக்காகத் தியாகம் செய்த மீனாகிவிடுகிறது. காரணம் தேட வேண்டிய இடத்தில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மீன் வாங்கப் போகிறோம். கடைக்கு இதைவிடச் சௌகரியமான தத்துவம் கிடைக்காது.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் போன வருடம் ஒரு பிறந்தநாள் விழா. ரிட்டர்ன் கிஃப்ட்டாக வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு ஃபைட்டர் மீன், சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், ரிப்பன் கட்டி. கீழ் வீட்டுப் பெண், இரண்டாம் வகுப்பு, அதற்கு ஒரு பெயர் வைத்துத் தினமும் லிஃப்ட்டில் பார்ப்பவர்களிடம் எல்லாம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் அவள் அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார், முதல் மீன் போய்விட்டது, ராத்திரியோடு ராத்திரியாக அதே நிறத்தில் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன் என்று. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அங்கிள், இதோட வால்ல வெள்ளக் கோடு இல்ல. அப்பா பொய் சொல்றாங்க" என்றாள். விலங்குகளை வளர்த்தால் குழந்தைகள் கருணை கற்றுக்கொள்வார்கள் என்பது கடை விற்பனைக்கு ஆதரவாக எல்லோரும் சொல்லும் வாதம். கற்றுக்கொள்ளலாம்தான். இங்கே அந்த வாய்ப்பைக் கெடுத்தது அப்பாவின் கல்மனசு இல்லை, அறுபது எழுபது ரூபாயில் துக்கத்தை மாற்றிவிடலாம் என்ற வசதி. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு விலங்கை விற்கக் கூடாது. முதுகெலும்புள்ள விலங்கு என்பதால் மீனும் அதில் அடக்கம். இங்கே அது பார்ட்டி ஐட்டம்.

சாகாத மீன்களின் கதையும் நல்லபடியாக முடிவதில்லை. கடையில் விற்பது பெரும்பாலும் குஞ்சு. 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். காசு அளவில் விற்ற செங்காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து இருபது முப்பது வருடம் இருக்கும். தொட்டி போதாமல் போனதும் ஏரி, குளம், கோயில் தெப்பம். சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் மீனவர்களின் வலையைக் கிழிக்கும் தொல்லையாக இருக்கிறது. 2023இல் ஸ்ரீநகரின் தால் ஏரியிலேயே அமெரிக்காவின் அலிகேட்டர் கார் மீன் கிடைத்தது. செங்காது ஆமையை ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அமெரிக்கா 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. ஆமைக்காக இல்லை, குழந்தைகளுக்கு சால்மொனெல்லா தொற்று வருகிறது என்பதற்காக.

நம் சட்டம் என்ன சொல்கிறது? இங்கே கொஞ்சம் தோண்டினேன். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 'விலங்கு' என்பதை மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்று வரையறுக்கிறது. அருமையான வரையறை, மீன் தாராளமாக உள்ளே வரும். நியாயமான அளவு நகர இடமில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பதும் 11ஆம் பிரிவில் குற்றம். தண்டனை? முதல் தடவை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். 1960இல் அது ஒரு தொகைதான். இன்று ஃபைட்டர் மீனைவிட அபராதம் மலிவு.

2017 மே மாதம் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. அந்த வருடம் ஜனவரியில்தான் மெரினாவில் காளைக்காக ஊரே கூடியிருந்தது. ஒரு விலங்கு எதை வதையாக உணரும் என்று டீக்கடை வரை விவாதம் நடந்த வருடம். மீன் விதிகளோ வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மீன் கிண்ணம் கூடாது, சாயமேற்றிய மீன் கூடாது, முழுநேர மருத்துவ நிபுணர் வேண்டும், இன்னின்ன இனங்களை விற்கவே கூடாது என்று நீளமாகப் போன அந்த விதிகள், வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பிறகு சில மாதங்களிலேயே திரும்பப் பெறப்பட்டன.

வியாபாரிகள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் சொல்வேன். கொளத்தூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் வளர்த்துப் பையில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவரும் குடும்பங்களின் தொழில் அது. நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி வளர்த்தவைதான், காட்டாற்றில் பிடித்தவை அல்ல. பத்துக்குப் பத்து கடையில் முழுநேர மீன் மருத்துவரை எங்கிருந்து வைப்பது? நடக்காத காரியத்தை விதியாக எழுதினால் நடக்கக்கூடிய காரியமும் அதோடு சேர்ந்து போய்விடும். அதுதான் நடந்தது. 2018இல் வந்த செல்லப் பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், எலி வகைகள், கூண்டுப் பறவைகள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. மீனின் பெயர் அதில் இல்லை.

வனவிலங்குச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு கேள்விக்கான பதில். 1990-91இல் இந்தியப் பறவைகளின் வணிகம் தடை செய்யப்பட்டது. பச்சைக்கிளி விற்றால் இன்று வழக்கு. ஆனால் அதே அளவு கூண்டில் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது, இருபது இருபதாக அடைபட்டிருக்கும். சொந்த நாட்டில் கூட்டம் கூட்டமாக வறண்ட நிலத்தைக் கடந்து பறக்கும் பறவை அது. கூண்டின் இறுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான், பாஸ்போர்ட்தான் வேறு. அந்தச் சட்டம் இனத்தைக் காக்கிறது. தனி உயிரைக் காப்பது அதன் வேலை இல்லை. தங்கமீன் இனம் அழியப்போவதில்லை என்பதால், எத்தனை தங்கமீன் செத்தாலும் அந்தச் சட்டத்துக்குக் கணக்கு இல்லை.

அப்படியானால் கடைகளை மூடிவிடலாமா? நான் அந்தப் பக்கம் இல்லை. மூடினால் விற்பனை வாட்ஸாப் குழுவுக்கும் கூரியர் பெட்டிக்கும் போகும், நாம் எட்டிப் பார்க்கும் கண்ணாடிகூட இருக்காது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி: புதுத் தொட்டி வாங்கும் அன்று மீன் விற்கக் கூடாது. தொட்டியையும் ஃபில்டரையும் இன்று கொடுங்கள். தண்ணீர் தயாரானதும் ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, கடையிலேயே சோதித்துவிட்டு, மீனைக் கொடுங்கள். கடைக்கு ஒரு டெஸ்ட் கிட் நூறு வாடிக்கையாளருக்கு வரும். தொட்டியின் மேல் ஒரு சீட்டு: இந்த மீன் எவ்வளவு நீளம் வளரும், எத்தனை வருடம் இருக்கும். மருத்துவர் வேண்டாம், தடைப் பட்டியல் வேண்டாம்.

இதை ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது கரெக்ட்தான் சார். ஆனா நான் மட்டும் நாலு வாரம் கழிச்சு வாங்கன்னு சொன்னா, பக்கத்துக் கடையில வாங்கிட்டுப் போயிடுவாங்க. குழந்தை அழும்ல?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தனி ஒருவர் நல்லவராக இருந்தால் நஷ்டம், எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற வகைப் பிரச்சினை இது. விதி என்று ஒன்று எழுதுவதே இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

நாலு வாரம் என்பதையும் குறைக்கலாம், செலவில்லாமல். கடையில் வருடக்கணக்காக ஓடும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாக்டீரியா மண்டிக் கிடக்கும். அதில் ஒரு கைப்பிடி வெட்டி, ஈரம் காயாமல் கவரில் போட்டு, புதுத் தொட்டியின் ஃபில்டரில் வைத்தால் வாரக்கணக்கு நாள் கணக்காகச் சுருங்கும். நோய் தொற்றாதா என்று கேட்பீர்கள். அதே கடை மீனைத்தானே விடப்போகிறீர்கள், அதோடு வராத நோயா ஸ்பாஞ்சில் வந்துவிடும்? அடுத்த தடவை தொட்டி வாங்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அதற்கப்புறம் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் பக்கெட்டில் எடுத்து, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.